ஓடை மேட்டுக்குக் குறி பார்த்த காலம்

நம் வயதில் கண் டாக்டரிடம் போகாதவர் யார்? போன மாதம் நானும் நுவரெலியாவுக்குப் போனேன். வரிசையில் உட்கார்ந்திருந்த பாதிப்பேர் நம் காலத்து ஆட்கள்தான். ஒருவர் கண்ணை இன்னொருவர் விசாரித்துக்கொண்டு, கல்யாண வீடு மாதிரி இருந்தது. என் முறை வந்ததும் உள்ளே இருந்த சின்னப் பெண், "ஒரு கண்ணப் பொத்திக்கிட்டு அந்தக் கறுப்புப் புள்ளியப் பாருங்கம்மா" என்றாள். பொத்திக்கொண்டு பார்த்தேன். "என்ன தெரியுது?" என்றாள். தெரிந்ததைச் சொல்லியிருந்தால் கண்ணை விட்டுவிட்டு மண்டைக்கு வைத்தியம் எழுதியிருப்பாள். எனக்குத் தெரிந்தது வெட்டாமல் விட்ட புல். அதன் நடுவே ஒரு கல்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதைப் பார்த்தாலும் எனக்கு அதுதான் வருகிறது. இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. மறைக்க வேண்டியவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். நீங்களும் அந்த மலைத் தோட்டக் குளிரில் பிறந்தவர்கள், உங்களிடம் சொல்லலாம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். தலவாக்கலைக்கு மேலே எங்கள் தோட்டம். அப்பா அங்கே டீமேக்கர். பச்சைக் கொழுந்து உள்ளே வந்து தூளாகி வெளியே போகும்வரை தொழிற்சாலையில் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் சட்டையைத் தண்ணீரில் போட்டால் தண்ணீரே தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். அம்மா லயத்துப் பெண். அதே தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, கல்யாணம் வரைக்கும் அதே மலையில் கொழுந்து பறித்தவள். அப்பா அவளைக் கட்டிக்கொண்டதைப் பற்றி மற்ற ஸ்டாப், அதாவது உத்தியோகஸ்தர் வீடுகளில் எதிரே ஒன்றும் சொல்லமாட்டார்கள். சிரிப்பார்கள், கோயிலில் குங்குமம் நீட்டுவார்கள், எங்கள் வீட்டில் தேத்தண்ணி மட்டும் குடிக்கமாட்டார்கள். தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு ஒரு வீட்டுத் தேத்தண்ணியைக் காலமெல்லாம் குடிக்காமல் தட்டிக்கழிக்க எவ்வளவு சாமர்த்தியம் வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

அம்மாவின் அண்ணன், என் மாமா, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அவர் பின்வாசலோடுதான் வருவார், பின்வாசலோடுதான் போவார். முறைக்கு அப்பா அவருக்கு மாப்பிள்ளை. ஆனால் வாயில் வந்தது எப்போதும் "ஐயா"தான்.

அந்த வருஷம் பனிக்காலத்தில் தோட்டத்தை நடத்துகிற துரைக்கு ஒரு நல்ல மனசு வந்தது. தோட்டத்து ஸ்டாப்பும் ஞாயிற்றுக்கிழமையில் சீட்டுக்கட்டைக் கட்டிப் போட்டுவிட்டுக் குறிபார்த்துச் சுடப் பழகலாம், பக்கத்துத் தோட்டத்து ஸ்டாப்போடு போட்டியும் வைக்கலாம் என்று அனுமதி கொடுத்தார். கொழும்புக் கடையிலிருந்து இரண்டு துவக்குகள் ரயிலில் வந்தன. பார்த்துப் பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்ப வேண்டும். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அப்பாவுக்கு. அவர் ஹட்டனில் படித்தபோது பள்ளிக்கூடக் கடேற் படையில் துவக்குப் பிடித்தவர். மற்றவர்கள் பிடித்ததெல்லாம் பேனாதான்.

இரண்டும் பாயிண்ட் டூ டூ ரைபிள். தோட்டா சுண்டுவிரல் முனை அளவுகூட இருக்காது. அதன் அடியில் ஒரு விளிம்பு உண்டு; அந்த விளிம்பில் ஊசி அடித்தால்தான் வெடிக்கும். சுட்டபின் விழுகிற பித்தளைக் கூட்டில், விளிம்பில் மட்டும் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அந்தக் கூடுகளை நான் பொறுக்கிப் பாவாடை மடியில் கட்டிவைப்பேன். மோந்து பார்த்தால் தீபாவளிக்கு மறுநாள் வாசம் அடிக்கும்.

ஒரு துவக்கு குட்டை, லேசு, மெல்லிய குழாய். அப்பா இரண்டையும் சுட்டுப் பார்த்து, அதை முதல் வாரமே ஒதுக்கிவிட்டார். "இது முயலுக்குப் பின்னாடி ஓடுறவனுக்கு. படுத்துச் சுடுறவனுக்குக் கனம் வேணும். காத்தடிச்சா இது ஆடும், அது ஆடாது" என்றார். மற்றது நீளம், தடிக் குழாய், வால்நட் கட்டை. ஒவ்வொரு தோட்டாவாகத்தான் போட முடியும். அவசரக்காரனுக்குச் சரிவராத சாமான். அதைத்தான் வைத்துக்கொண்டோம்.

குறிபார்க்கும் சாமானில்தான் குழப்பம் வந்தது. அந்தப் பெரிய துவக்குக்கு இரண்டு வகை அனுப்பியிருந்தார்கள். ஒன்று பீப் சைட்: கண்ணுக்குப் பக்கத்தில் பொத்தான் அளவு ஒரு தகடு, அதில் ஊசி ஓட்டை, குழாயின் அந்த முனையில் ஒரு சின்ன வளையம். மற்றது டெலஸ்கோப்பு. கறுப்புக் குழாய், இரண்டு பக்கமும் கண்ணாடி, வெல்வெட் வைத்த பெட்டி. அப்பா துவக்கைச் சாப்பாட்டு மேசையில் தலையணை மேல் வைத்து, ஜன்னல் வழியே தண்ணீர்த் தொட்டியில் அடித்திருந்த கறுப்புப் புள்ளியை எனக்குக் காட்டினார்.

"ஓட்டையப் பாக்காத பாப்பா. ஓட்டை வழியாப் பாரு. கண்ணு தன்னால நடுவுக்குப் போயிரும். முன்னால வளையத்துக்குள்ள கறுப்பு நிக்குதா? சுத்திவர வெள்ளை ஒரே அளவா இருக்கா?"

"இருக்குப்பா."

"வேற என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல."

"அப்பச் சரி" என்றார் அப்பா.

அம்மா அந்த மேசைப் பக்கம் வரவே இல்லை. துவக்கு எண்ணெய் நாற்றம் குழம்பில் ஏறுகிறது என்று சோற்றை அடுப்படியிலேயே போட்டாள்.

சுடுவதற்கு இடம் பார்த்தவர் பெரிய கிளாக்கர். தோட்டத்து ஆபீசில் துரைக்கு அடுத்தவர், நல்ல மனிதர், கொஞ்சம் ஜம்பம். பத்தாம் நம்பர் மலைக்குக் கீழே ஓடைக்கரையில் ஒரு மண் மேடு இருந்தது. "குண்ட வாங்கிக்க இதவிட மேடு கெடைக்குமா? பின்னால மலை. ஆள் நடமாட்டமே கெடையாது" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். தோட்டத்தில் ஒரு முழம் நிலம்கூட ஆள் நடமாட்டம் இல்லாமல் கிடக்காதே, இது மட்டும் ஏன் கிடக்கிறது என்று ஸ்டாப்பில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. லயத்தில் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கும்.

அன்று சாயங்காலம் அப்பா வந்து சொன்னபோது அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு நின்றுவிட்டது.

"எந்த மேடுங்க?"

"ஓடைக்கிட்ட. பத்தாம் நம்பருக்குக் கீழ."

"அங்க வேணாங்க."

"ஏன் புள்ள?"

அம்மா சுளகு அரிசியைக் கையால் பரப்பினாள். "அட்டை கடிக்கும்" என்றாள்.

அப்பா சிரித்துவிட்டார். "இந்தக் காஞ்ச பனியில அட்டை எங்கிருந்து வருது?" என்று சொல்லிக்கொண்டே முகம் கழுவப் போனார். அம்மா மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். அன்றைக்குச் சோற்றில் கல் கிடந்தது.

இரண்டு நாள் கழித்து மாமா பின்வாசலில் குந்தியிருந்தார். மேட்டில் புல் வெட்டப் போன ஆட்களில் அவரும் ஒருவர். நான் அடுப்படிக்குள் பித்தளைக் கூடுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் புரியாது என்று நினைத்துத்தான் பேசினார்கள், அது உண்மையும்தான்.

"நீ சொல்லக் கூடாதாண்ணே?"

"யாருகிட்ட சொல்ல, ஐயாகிட்டயா? கூட இருக்கவ நீ சொல்லு."

"வாயத் தொறந்தா அழுகை வந்துரும்ணே."

"அழுதுறாத தாயி" என்று மாமா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். "இவ இருக்கா." பிறகு தலைத்துணியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டே, "எல்லாப் புல்லையும் வெட்டச் சொன்னாங்க. அந்த எடத்துல மட்டும் வெட்டல. என்னால அதான் முடிஞ்சுது" என்றார்.

அந்த மாதத்தில்தான் என் கோப்பை தொலைந்தது. எனாமல் கோப்பை, நீல விளிம்பு, கைப்பிடிக்குப் பக்கத்தில் கொஞ்சம் பெயர்ந்து கறுத்திருக்கும். நான் பால் குடிக்கிற கோப்பை. அப்பா கேட்டதற்கு, "ஓடையில வெளையாடப் போயி விட்டுருப்பா" என்றாள் அம்மா. நான் ஓடைக்கே போகவில்லை. பொய் சொல்லத் தெரியாத அம்மா என் தலையில் ஒரு பொய்யைப் போட்டதும் எனக்கு அழக்கூடத் தோன்றவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு நானும் போவேன். புல்லின் மேல் பனி உப்புத் தூவின மாதிரி கிடக்கும். சாக்கை விரித்து அப்பா குப்புறப் படுப்பார். மேட்டுக்கு முன்னால் இரண்டு கம்பு நட்டு, சட்டத்தில் காகிதம் ஒட்டியிருக்கும். காகிதத்தின் நடுவே கறுப்பு வட்டம். பெரிய சத்தம் ஒன்றும் வராது. குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அதைவிட அதற்கு அடுத்து வருகிற சத்தம்தான் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. குண்டு காகிதத்தைத் துளைத்துக்கொண்டு மேட்டில் போய்ப் 'பொத்' என்று புதையும். கொஞ்சம் மண் உதிரும்.

பீப் சைட் வைத்து அப்பா சுட்டால் ஓட்டைகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஒரு நாணயத்தால் மூடிவிடலாம் போலிருக்கும். ஆனாலும் பெரிய கிளாக்கருக்கு டெலஸ்கோப்புமேல்தான் ஆசை. "பக்கத்துத் தோட்டத்தான் பாத்தா வாயப் பொளக்கணும் டீமேக்கர். இந்த ஓட்டைத் தகட்ட எவன் மதிப்பான்?" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அதை மாட்டினார்.

படுத்தார். கன்னத்தைக் கட்டையில் வைத்தார். ஒரு குமிழைத் திருகினார். துவக்கு முனை இடது பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்தது, காகிதத்தை விட்டுக் கீழே இறங்கியது, அங்கேயே நின்றது. சத்தமே வரவில்லை.

"என்ன டீமேக்கர், தூங்கிட்டீங்களா?" என்றார் பெரிய கிளாக்கர்.

அப்பாவின் முதுகு ஏறி இறங்குவது சட்டைக்கு மேலே தெரிந்தது. அப்புறம் எழுந்து, "பனி மூடுது" என்றார். பனி எங்கேயும் மூடவில்லை, நல்ல வெயில். நான் அவர் எழுந்த இடத்தில் சட்டென்று படுத்து, கண்ணை வைத்துவிட்டேன்.

தூரத்தில் இருந்த புல் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. மேட்டின் இடது அடிவாரத்தில் வெட்டாமல் விட்ட ஒரு புல் திட்டு. அதற்குள்ளே முட்டை மாதிரி ஒரு ஓடைக்கல். மஞ்சள் பூசியிருந்தது. கல்லுக்கு முன்னால் என் நீல விளிம்புக் கோப்பை. பெயர்ந்த கறுப்புக்கூடத் தெரிந்தது.

"அப்பா, என் கோப்ப!" என்றேன்.

அப்பா என் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். என் வாழ்க்கையில் அவர் கை என்மேல் அழுத்தமாகப் பட்டது அந்த ஒரு தடவைதான். வலிக்கவில்லை.

அடுத்த ஸ்டாப் கிளப்புக் கூட்டத்தில் அவர் சொன்ன தீர்ப்பைப் பெரிய கிளாக்கர் ரொம்ப நாள் எல்லாரிடமும் சொல்லி மெச்சிக்கொண்டிருந்தார். "டெலஸ்கோப்புல நம்ம நெஞ்சு துடிக்கிறதுகூடப் பெருசாத் தெரியுது. புதுசாப் படுக்கிறவன் பயந்துருவான். நம்ம ஊர்ப் பனிக்குக் கண்ணாடியத் தொடைச்சு மாளாது. பீப்புல கறுப்பு மட்டுந்தான் தெரியும். சுடுறவனுக்கு அது போதும்." ஒவ்வொரு வார்த்தையும் சரி. துவக்குத் தெரிந்த யாரும் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்கள். டெலஸ்கோப்பு வெல்வெட் பெட்டியோடு கொழும்புக்குத் திரும்பிப் போனது.

அப்பா கெட்டிக்காரர் என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிள்ளைகள் பிறந்து, ஒன்றுக்குக் காய்ச்சல் வந்து விடியவிடிய மடியில் வைத்திருந்தபோதுதான் மண்டையில் அடித்த மாதிரி உறைத்தது. அவர் தேர்ந்தெடுத்தது நல்ல குறி பார்க்கும் சாமானை அல்ல. அந்தக் கல் தெரியாத சாமானை. மேட்டை மாற்றச் சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் அம்மாவோடு அதைப் பேச வேண்டும். பெரிய மனிதர்கள் எதற்கெல்லாம் பயப்படுகிறார்கள், பாருங்கள்.

போட்டி மாசிக் கடைசியில் நடந்தது. நாள் முழுக்க அந்த மேடு குண்டு வாங்கியது. பக்கத்துத் தோட்டத்து ஆட்களில் பாதிப்பேருக்குக் குறியே தெரியாது. காகிதத்துக்குக் கீழே, பக்கத்தில், எங்கெங்கேயோ மண் தெறித்தது. அம்மா வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். சத்தம் எங்கள் குவாட்டஸ் வீடு வரைக்கும் கேட்கும். எங்கள் தோட்டம் ஜெயித்தது. ஜெயிக்கவைத்தவர் அப்பா.

அந்தச் சந்தோஷத்தில் பெரிய கிளாக்கர் ஒரு காரியம் செய்தார். மறுநாள் சாயங்காலம் எங்கள் வீட்டுப் படியேறி, நாற்காலியில் உட்கார்ந்து, "டீமேக்கர் வீட்டுத் தேத்தண்ணியக் குடிச்சுப் பாத்துருவோம்" என்றார். முதல் தடவையாக. அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தாள். நல்ல பீங்கான் கோப்பையில் பெரிய கிளாக்கருக்கு. அப்பாவுக்கு முன்னால் வேறு ஒரு கோப்பையை வைத்தாள். நீல விளிம்பு. அப்புறம் பால் செம்பை எடுத்து அதில் ஊற்றினாள்.

கோப்பையின் ஒரு பக்கத்தில், அடிக்குச் சற்று மேலே, ஓர் ஓட்டை இருந்தது. எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று, அது கொஞ்சம் பெரிது, ஓரம் வெளியே பிதுங்கியிருந்தது. பால் இரண்டு பக்கமும் ஒழுகி மேசைத் துணியில் பரவி, பெரிய கிளாக்கரின் மடியில் சொட்டியது. அம்மா ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"நானும் ஊத்திப் பாக்குறேன். நிக்க மாட்டேங்குதுங்க" என்றாள். "யாரு குண்டுன்னு நான் கேக்கல."

பெரிய கிளாக்கர் எழுந்து நின்றுவிட்டார். "என்னம்மா இது?"

அப்பா நனைந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த மேட்டுல எங்க மூத்த புள்ள இருக்கான் சார்" என்றார்.

அப்போதுதான் அம்மா அழுதாள். நான் பிறந்ததிலிருந்து அவள் வாய்விட்டு அழுது நான் கேட்டதில்லை. பெரிய கிளாக்கர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி இறங்கிப் போனார்.

எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். தலைப்பிரசவத்துக்கு அம்மா தாய்வீட்டு லயத்துக்குப் போயிருந்தாள். அவன் சில நாட்கள்தான் இருந்தான், பேர்கூட வைக்கவில்லை. கொழுந்து குமிந்து கிடந்த காலம், ஒரே தோட்டம் என்றாலும், இராப்பகலாகத் தொழிற்சாலையை விட்டு நகரத் துரை அப்பாவை விடவில்லை. அவர் வந்து சேர்ந்தபோது மாமா அவனைக் கொண்டுபோய் ஓடைக்கரையில் வைத்துவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு திரும்பியிருந்தார். எந்த இடம் என்று அப்பா கேட்கவில்லை. பேர் வைக்காத பிள்ளைக்காகத் தாய் வாய்விட்டு அழுதால் அடுத்தது தங்காது என்று லயத்தில் சொல்லிவிட்டார்கள். அம்மா அழாமல் இருந்தது எனக்காக. பேசினால் அழுகை வரும் என்று பேசாமலே இருந்தாள். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து என் உயிர் எனக்குக் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கிறது.

பெரிய கிளாக்கர் குறிச் சட்டத்தைப் பிடுங்கித் தொழிற்சாலைக்குப் பின்னால் சாம்பல் கொட்டுகிற பக்கம் நடச் செய்தார். ஆனால் மண்ணுக்குள் போன ஈயம்? அதை யார் எடுப்பது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா தொழிற்சாலையிலிருந்து தேயிலைச் சல்லடை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அம்மாவும் நானும் பின்னாலேயே போனோம். மேட்டில் மாமா மம்மட்டியோடு நின்றிருந்தார். "மாப்புள்ள, நீங்க பிடிங்க, நான் மண்ணப் போடுறேன்" என்றார். எல்லார் முன்னாலும் அவர் அப்படிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

எல்லார் என்கிறேன், ஏனென்றால் மேல் ரோட்டில் லயத்துப் பெண்கள் வந்து நின்றிருந்தார்கள். ஒவ்வொருத்தியாக இறங்கி வந்தார்கள். "எங்க புள்ள இந்தப் பக்கங்க, பாத்து" என்றாள் ஒருத்தி. "அந்தக் கல்லுக்கு மேல கை வச்சிராதீங்கய்யா" என்றாள் இன்னொருத்தி. அந்த மேட்டில் என் அண்ணனுக்கு எத்தனை கூட்டாளிகள் என்று அப்போதுதான் தெரிந்தது. அப்பா ஒவ்வொருத்திக்கும் தலையாட்டினார். தேயிலைத் தூளைத் தரம் பிரிக்கிற அதே ஆட்டம்தான், இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகச் சலித்தார். மண் கீழே இறங்கியது. சல்லடையில் நசுங்கிய ஈயத் துண்டுகள், பல் மாதிரி, தங்கின. அவற்றைப் பொறுக்கி நான் அந்த ஓட்டைக் கோப்பையில் போட்டேன்.

கடைசியாகப் புல் திட்டுக்கு வந்தோம். மாமா மேல் மண்ணைச் சுரண்டிப் போட்டார். அப்பா சலித்தார். ஈயம் வந்தது. இன்னும் கொஞ்சம் போட்டார், இன்னும் வந்தது. அப்பா சல்லடையைக் கீழே வைத்துவிட்டு, முழங்காலில் நின்று, கையாலேயே மண்ணைத் தள்ள ஆரம்பித்தார். வேகமாகத் தள்ளினார். குண்டு எவ்வளவு ஆழம் போயிருக்கும் என்று துவக்குத் தெரிந்த அவருக்குத்தான் தெரியும்.

அம்மா குனிந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"போதுங்க" என்றாள். "அதுக்குக் கீழ வேணாம். தூங்கட்டும்."